கொம்புச்சா: குடிச்சவங்க, வளர்க்கிறவங்க அனுபவம் சொல்லுங்க

மாடித்தோட்டம், சென்னை:
பெங்களூருல வேலை பாக்குற பொண்ணு, லீவுக்கு வந்தப்ப ஒரு ஜாடியைக் குடுத்துட்டுப் போயிருக்கா. டீத்தண்ணி மேல வழுவழுன்னு வட்டமா ஒண்ணு மிதக்குது. கொம்புச்சான்னு புளிக்க வெச்ச டீயாம், மேல மிதக்குற அடைக்குப் பேரு ஸ்கோபியாம், பாத்துக்கணுமாம். மாமியாரோ, “டீயில காளான் பூத்துக் கெடக்கு, கொட்டு”ங்கறாங்க. எடுத்துக் குடிச்சா இனிப்பும் புளிப்புமா, நாக்குல சுருக்குன்னு நல்லாத்தான் இருக்கு. இதுக்குள்ள என்னதான் நடக்குது?

கசான் ரிட்டர்ன்:
உங்க மாமியார் ரஷ்யாவுல பொறந்திருக்கணும் அக்கா! நான் அங்கதான் எம்.பி.பி.எஸ். படிச்சேன். வாடகைக்கு இருந்த வீட்டுப் பாட்டி ஜன்னலோரமா மூணு லிட்டர் கண்ணாடி ஜாடி வெச்சிருப்பாங்க, வாயில மெல்லிசு துணி கட்டி. அவங்களும் இதைத் தேயிலைக் காளான்னுதான் சொல்லுவாங்க. சோவியத் காலத்துல யார் வீட்டுக்குப் போனாலும் இந்த ஜாடி இருக்குமாம். மேல இருக்கிற அடை தடிச்சுப் போனா ஒரு அடுக்கை உரிச்சுப் பக்கத்து வீட்டுக்குக் குடுத்துடுவாங்க. பரீட்சை நேரத்துல எனக்கும் ஒரு டம்ளர் வரும். முதல் தடவை மூக்கைப் பொத்திக்கிட்டுதான் குடிச்சேன். வினிகர் வாடை!

லேப் கோட்:
நுண்ணுயிரியல் ஆய்வகத்தில் வேலை பார்க்கிறேன், அதனால் கொஞ்சம் நீளமாகவே சொல்கிறேன். 1913இல் லிண்டாவ் என்ற ஜெர்மன் ஆய்வாளரே இதைப் பூஞ்சை வகையில் சேர்த்துப் பெயர் வைத்தார். ஆகவே மாமியாரைக் குறை சொல்ல முடியாது. ஆனால் அது காளான் இல்லை. மிதக்கும் அடை செல்லுலோஸ், பஞ்சில் இருக்கும் அதே பொருள். கொமகாட்டிபாக்டர் என்ற பாக்டீரியா அதை உருவாக்குகிறது. அதற்குக் காற்று வேண்டும், அதனால்தான் மேற்பரப்பில் படலம் கட்டுகிறது. பிலிப்பைன்ஸில் இதே வகை பாக்டீரியாவைத் தேங்காய்த் தண்ணீரில் வளர்த்து நாட்டா டி கோகோ செய்கிறார்கள். ஜெல்லி கப்பில் நறுக்கென்று கடிபடும் துண்டுகள் அவை.

இனி உள்ளே நடப்பது. ஜாடியில் இரண்டு கூட்டம் இருக்கிறது. முதல் கூட்டம் ஈஸ்ட். அது சர்க்கரையைக் குளுக்கோஸ், ஃப்ரக்டோஸ் என்று உடைத்து, ஆல்கஹாலும் கரியமில வாயுவும் ஆக்குகிறது. இரண்டாவது கூட்டமான பாக்டீரியா அந்த ஆல்கஹாலை அசிட்டிக் அமிலமாகவும், குளுக்கோஸில் ஒரு பகுதியைக் குளுக்கோனிக் அமிலமாகவும் மாற்றுகிறது. புளிப்பு, நுரை, வாடை எல்லாம் இந்தக் கூட்டுத் தொழிலின் விளைவுதான். எல்லோரும் அடையைத்தான் பொக்கிஷமாகப் பார்க்கிறார்கள். உண்மையில் ஈஸ்டும் பாக்டீரியாவும் திரவத்திலேயே ஏராளமாக இருக்கின்றன. உறைமோர் போல, பழைய கொம்புச்சாவை ஊற்றினால் போதும், அடை தானாகவே வரும். அந்தப் பழைய புளிப்பு இன்னொரு வேலையும் செய்கிறது. தொடக்கத்திலேயே பி.எச். அளவை (அமிலம் கூடக் கூட இந்த எண் குறையும்) இறக்கிவிடுவதால் பூஞ்சையும் நோய்க்கிருமிகளும் சுலபமாக வளர முடியாது. 4.2க்குக் கீழே போக வேண்டும் என்பது கணக்கு. நன்றாகப் புளித்தது 3க்குப் பக்கத்தில் நிற்கும்.

இட்லிப்பானை:
நம்ம கணக்கு: ஒரு லிட்டர் தண்ணி, 70 கிராம் சர்க்கரை, ரெண்டு டீஸ்பூன் தேயிலை, நல்லா ஆறினதும் பழைய கொம்புச்சா 100 மில்லி. சூட்டோட ஊத்தினா எல்லாம் செத்துரும். மூடி போடக்கூடாது, வேட்டித் துணி கட்டி ரப்பர் பேண்ட். வலைத்துணி வேண்டாம், பழ ஈ உள்ள போயிடும். ஊர்ல ஏழுலேருந்து பத்து நாள்னு சொல்லுவாங்க, மே மாசத்து மதுரைக்கு அது செல்லாது. நாலாம் நாளே ருசி பாக்க ஆரம்பிச்சுடுங்க.

பாத்திரம் கண்ணாடிதான். மெருகு பூசின பீங்கான் ஜாடி ஊறுகாய்க்கு அழகா இருக்கும், இதுக்கு எடுக்காதீங்க. ஆஸ்திரேலியாவுல ஒரு தம்பதி அப்படிப் பீங்கான்ல போட்டுக் குடிச்சு, மெருகுல இருந்த ஈயம் அமிலத்துல கரைஞ்சு உடம்புல ஏறினது 1998ல மருத்துவ இதழ்லயே வந்திருக்கு.

திருச்சிக்காரன்:
எங்க குடும்ப வாட்ஸ்அப் குரூப்ல இது சுகருக்கு மருந்து, கேன்சருக்கு மருந்துன்னு சுத்துது. அப்பாவுக்கு சுகர். சர்க்கரையைத்தான் கிருமி தின்னுடுதே, அவர் தாராளமா குடிக்கலாமா?

லேப் கோட்:
வேண்டாம் சார். முழுதும் தின்பதில்லை. ஒரு வாரத்தில் எடுத்தால் போட்ட சர்க்கரையில் கணிசமான பங்கு அப்படியேதான் இருக்கும். நாக்கில் புளிப்பு தூக்கலாக இருப்பதால் இனிப்பு தெரியாது, அதுதான் ஆபத்து. தேநீரின் கஃபீனும் பெரும்பாலும் அப்படியே இருக்கும். கேன்சர் பேச்சுக்கு மனிதர்களிடம் நடந்த ஆய்வு ஆதாரம் எதுவும் கிடையாது. அப்பாவுக்கு அவருடைய டாக்டரைக் கேட்காமல் கொடுக்காதீர்கள். கர்ப்பிணிகளும், நோய் எதிர்ப்பு சக்தி குறைந்தவர்களும் வீட்டில் போட்டதைத் தொடவே வேண்டாம்.

கசான் ரிட்டர்ன்:
இதோட சேத்து ஒண்ணு. 1995ல அமெரிக்காவுல அயோவா மாநிலத்துல ரெண்டு பெண்களுக்கு ரத்தத்துல அமிலம் கடுமையா ஏறி, ஒருத்தர் இறந்துட்டாங்க. ரெண்டு பேருமே தினமும் கொம்புச்சா குடிச்சவங்க. அதுதான் காரணம்னு நிரூபணமாகலை, அதே அடையிலிருந்து போட்டுக் குடிச்ச மத்தவங்க நல்லாத்தான் இருந்தாங்க. ஆனாலும் டாக்டரா என் கட்சி இதுதான்: ஆரோக்கியமா இருக்கிறவங்க ஒரு சின்ன டம்ளரோட நிறுத்திக்கணும். சொம்பு சொம்பாக் குடிக்கிற பானம் இல்ல இது.

பே ஏரியா தமிழன்:
ஆல்கஹால் பற்றி ஒரு வார்த்தை. 2010 கோடையில் இங்கே அமெரிக்காவில் கடைகளில் கொம்புச்சா அடுக்கும் தட்டுகள் திடீரென்று காலியாகிவிட்டன. அமெரிக்கச் சட்டப்படி 0.5 சதவீதத்தைத் தொட்டாலே அது மதுபானக் கணக்கு. பாட்டிலில் அடைத்த பிறகும் ஈஸ்ட் சும்மா இருக்காது அல்லவா? சிலது அந்த வரம்பைத் தாண்டிவிட்டது. சொட்டுக்கூட ஆல்கஹால் கூடாது என்று இருப்பவர்கள் வீட்டில் போட்டதை நம்ப வேண்டாம், அளக்க வழியில்லை.

மாடித்தோட்டம்:
அப்ப பாட்டில்ல இஞ்சி போட்டு மூடி வெச்சா சோடா மாதிரி பொங்கும்னு பொண்ணு சொன்னாளே, அது வம்பா?

இட்லிப்பானை:
வம்பில்லக்கா, ருசியே அதுலதான். இஞ்சியும் துளி வெல்லமும் போட்டு மூடி, வெளியே ரெண்டு நாள். ஆனா பழைய ஜாம் பாட்டில், சதுர பாட்டில் எடுக்காதீங்க, வாயு அழுத்தத்துல வெடிச்சுக் கண்ணாடி தெறிக்கும். வாயு தாங்குற தடிச்ச சோடா பாட்டிலா பாத்து, கழுத்துல ரெண்டு விரக்கடை இடம் விடுங்க. நம்மூர் வெயில்ல ரெண்டு நாளைத் தாண்டவே கூடாது, அப்புறம் பாட்டிலை உடனே ஃப்ரிட்ஜுக்கு மாத்துங்க. திறக்கிறப்ப சிங்க்குக்கு மேல பிடிச்சுத் திறங்க. அடை மேல காஞ்சு பொசுபொசுன்னு பச்சையோ கறுப்போ தெரிஞ்சா மட்டும் மாமியார் பேச்சைக் கேட்டு மொத்தத்தையும் கொட்டிடுங்க, சுரண்டிட்டுக் குடிக்காதீங்க.