புதுப்பிப்பு: ஷ்ட்ராம்பெர்க் போய் வந்தாச்சு

செக் குடியரசின் மொராவியா பகுதியில் இருக்கும் ஷ்ட்ராம்பெர்க் என்ற சிறு ஊர், ஆஸ்த்ராவா நகரத்திலிருந்து ஒரு நாள் போய்வரத் தகுமா என்று இங்கே கேட்டிருந்தேன். தகும்.

முதலில், கோபுரத்தில் பெரியவர்கள் ஏற முடியுமா என்று கேட்டவருக்கு: ஊர்க் கோட்டையின் த்ரூபா கோபுரத்தில் 166 படிகள். முட்டி வலி இருந்தால் வேண்டாம், கீழே பழைய மரவீடுகள் இருக்கும் தெருக்களில் நடந்தாலே போதும். ஆனால் அங்கேயும் ஏற்றம்தான்.

எனக்கு அதிகம் பிடித்தது ஷிப்கா குகை. கோபுரத்துக்கு வரும் கூட்டத்தில் பாதிகூட இங்கே வருவதில்லை, ஏனோ. 1880-இல் கரேல் மாஷ்கா என்பவர் இங்கே தோண்டியபோது ஒரு நியாண்டர்தால் (அழிந்துபோன பழங்கால மனித இனம்) குழந்தையின் தாடை எலும்புத் துண்டு கிடைத்தது. குகை இருக்கும் கொடோச் குன்றே ஜுராசிக் காலக் கடலில் உருவான சுண்ணாம்புக்கல். அதன் ஒரு பக்கத்தைக் கல்குவாரி வெட்டித் தின்றுவிட்டது. அதே சுண்ணாம்புச் சரிவுகளில்தான், இந்தப் பகுதியில் அற்றுப்போயிருந்த அப்பல்லோ பட்டாம்பூச்சியை 1980-களில் மறுபடி கொண்டுவந்து விட்டார்கள். நான் போன அன்று வானம் மூடியிருந்தது, ஒன்றுகூடக் கண்ணில் படவில்லை. வெயில் உள்ள கோடை நாளாகப் பார்த்துப் போங்கள்.

அப்புறம் இந்த ஊரின் 'காது' பலகாரம். தேனும் மசாலாவும் போட்ட மெல்லிய ரொட்டி, சூடாக இருக்கும்போதே கூம்பாகச் சுருட்டுகிறார்கள். 1241-இல் முற்றுகையிட்ட மங்கோலியர்களின் முகாமில் மூட்டை மூட்டையாக மனிதக் காதுகள் கிடைத்தன என்ற ஊர்க்கதையிலிருந்துதான் அந்தப் பெயர். அதை நினைக்காமல் சாப்பிட்டால் ருசிதான். கிரீம் வைத்ததை விட வெறும் காதே மேல்.