பெரியம்மா அனுப்பிய ஃபார்வர்டு

பெரியம்மா, காலை 6:12
*நைட் ஷிப்ட் பார்ப்பவர்களுக்குப் புற்றுநோய் உறுதி! பத்துப் பேருக்கு அனுப்பவும்*

பெரியம்மா, 6:13
செல்வம், படித்தாயா? ஓசூர் வேலை போதும், பாலக்கோட்டுக்கு வந்துவிடு. தக்காளி போடலாம்.

சித்தப்பா, 6:31
அண்ணி, இப்போதுதான் ஷிப்ட் முடிந்து பஸ்ஸில் வருகிறேன். தக்காளி என்ன விலைக்குப் போனது என்று அண்ணனைக் கேளுங்கள், அப்புறம் பேசலாம்.

நித்யா, 6:40
உறுதி என்று யாரும் சொல்லவில்லை பெரியம்மா. உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை 2007இல் இரவுப் பணியை 2ஏ பிரிவில், அதாவது ‘அநேகமாகப் புற்றுநோய் உண்டாக்கக்கூடியவை’ பட்டியலில் வைத்தது, 2019இலும் அதே பிரிவுதான். ஆதாரம் எவ்வளவு வலு என்பதைத்தான் அது காட்டும், ஆபத்து எவ்வளவு என்பதை இல்லை. 65 டிகிரிக்கு மேல் சூடாகக் குடிப்பதும் 2ஏதான்.

சித்தி, 6:42
அப்போ இவர் டீ? ஆவி அடங்கினாலே ஆறிப்போச்சு என்று திருப்பிக் கொடுப்பார் 🙄

சித்தப்பா, 6:43
டீயை விடு. ராத்திரி விழித்தால் புற்றுநோய்க்கு என்ன சம்பந்தம் நித்யா?

நித்யா, 6:51
பெர்-2 என்று ஒரு புரதம் சித்தப்பா.

பெரியம்மா, 6:52
புரதம் என்றால் கொள்ளில் இருக்கிறது. வேகவைத்துச் சாப்பிடு.

நித்யா, 6:58
அது இல்லை பெரியம்மா 😄 இது செல்லே செய்துகொள்வது. நம் மாடித் தொட்டி மிதவை மாதிரி. தொட்டி நிறைந்தால் மோட்டார் நிற்கும், தண்ணீர் இறங்கினால் மறுபடி ஓடும், இல்லையா? பெர்-2 நிறையச் சேர்ந்ததும் செல்லின் கருவுக்குள் போய்த் தன் உற்பத்தியைத் தானே நிறுத்திவிடும். பிறகு சிதைந்து குறையும், மறுபடி உற்பத்தி தொடங்கும். ஒரு சுற்றுக்குச் சுமார் 24 மணி நேரம். உடம்பின் கடிகாரத்தில் இது ஒரு முக்கியமான பல்சக்கரம். ராத்திரி வெளிச்சத்தில் விழித்திருந்தால் இந்தக் கடிகாரம் குழம்பும்.

இதே பெர்-2, பி-53 என்ற காவல்காரப் புரதத்தோடும் ஒட்டிக்கொண்டு அது சிதையாமல் காக்கிறது. டிஎன்ஏ கெட்ட செல்லைப் பெருகவிடாமல் தடுப்பது பி-53. பெர்-2 கெட்டுப்போன எலிகளுக்குக் கதிர்வீச்சு கொடுத்தபோது, மற்ற எலிகளைவிட அதிகமாகக் கட்டி வந்தது. 2002இல் வந்த ஆய்வு.

சித்தப்பா, 7:02
நான் எலி இல்லையே.

நித்யா, 7:03
அதனால்தான் வேலையை விடச் சொல்லவில்லை. வீட்டுக்கு வந்ததும் ஜன்னலை இருட்டாக்கிவிட்டுத் தூங்குங்கள். போனை எடுக்காதீர்கள்.

பெரியம்மா, 7:05
ஐயோ, பத்துப் பேருக்கு அனுப்பிவிட்டேனே.

சித்தப்பா, 7:06
சரி, தூங்கப் போகிறேன். யாரும் போன் போடாதீர்கள்.

சித்தி, 7:07
பதினோரு மணிக்கு கேஸ் வரும். நான் வேலைக்குப் போய்விடுவேன். ஓடிபி உங்கள் நம்பருக்குத்தான் வரும்.