டிரெய்லருக்கு கார் ரிம்: 5 ஸ்டட் என்றால் பொருந்திவிடுமா?

துவாஸ்வாசி:
ஜெனரேட்டர் ஏற்றும் இரண்டு சக்கர டிரெய்லர், மொத்த எடை 750 கிலோ. 13 அங்குல இரும்பு ரிம் இரண்டும் துருவேறிப் போச்சு. 5×112 (5 ஓட்டை, 112 மி.மீ. வட்டத்தில்), இடி 45 (ET, ஆஃப்செட்: ஹப்பில் படியும் முகம் ரிம்மின் நடுக்கோட்டிலிருந்து எத்தனை மி.மீ. வெளியே தள்ளி இருக்கு என்பது) என்று அடித்த கார் ரிம் மலிவாகக் கிடைக்குது. மாட்டிப் பார்த்தேன், நட் ஏறுது. போடலாமா?

காக்கிபுக்கிட்:
நட் ஏறுதுன்னு முடிவு பண்ணாதீங்க. 5 ஸ்டட்டில் (ஹப்பிலிருந்து நீட்டி நிற்கும் மரைத் தண்டு) நேரெதிர் ஸ்டட் கிடையாது, அதனால் பிசிடியை (ஸ்டட் மையங்கள் வழியாகப் போகும் வட்டத்தின் விட்டம்) நேரடியாக அளக்க வராது. ஒரு ஸ்டட்டின் இடது விளிம்பிலிருந்து பக்கத்து ஸ்டட்டின் இடது விளிம்புவரை வெர்னியரில் அளந்து 1.701ஆல் பெருக்குங்க. 65.8 மி.மீ. என்றால் 112. 67.2 என்றால் 114.3. டேப்பில் இந்த வித்தியாசம் தெரியாது.

துவாஸ்வாசி:
மூன்று இடத்தில் அளந்தேன், 67.2.

காக்கிபுக்கிட்:
அப்போ அந்த ரிம் வேண்டாம். ஒவ்வொரு ஓட்டையும் 1.15 மி.மீ. உள்ளே தள்ளி நிற்கும். நட்டின் கூம்பு ஒரு பக்கம் மட்டும் அழுந்தும், ஸ்டட் வளைந்தே ஓடும், கடைசியில் அடியில் முறியும். இப்படி ஓடிய நட்டைக் கழற்றினால் கூம்பில் ஒரு பக்கம் பளபளப்பு, மறுபக்கம் துரு.

செம்பவாங்:
பிசிடி சரியாக இருந்தாலும் இடி 45 உதைக்கும். பழைய ரிம்மின் பின்பக்கம் பாருங்க, டிரெய்லர் ரிம் பெரும்பாலும் இடி 0. அப்படியென்றால், அதே அகல ரிம்மில் டயர் 45 மி.மீ. உள்ளே போய் ஸ்பிரிங்கில் உரசும். ஸ்பேசர் (ரிம்முக்கும் ஹப்புக்கும் இடையில் வைக்கும் தகடு) போட்டுச் சமாளிக்காதீங்க, ஸ்டட்டில் மரை போதாது. ஸ்டட் எம்12×1.5 (12 மி.மீ. விட்டம், மரைக்கு மரை 1.5 மி.மீ.) என்றால் நட் குறைந்தது 8 சுற்று ஏறணும்.

ரிம்மின் நடு ஓட்டை, ஹப்பின் (சக்கரம் மாட்டும் அச்சு முனை) நடு மேட்டைவிடப் பெரிதாக இருக்கணும். இல்லையென்றால் ரிம் முகத்தோடு முகம் படியாது.

நட்டையும் பாருங்க: 60 டிகிரி கூம்புக்கும் உருண்டை இருக்கைக்கும் (ரிம்மில் நட் உட்காரும் இடம்) ஒரே நட் ஆகாது. டயர் எடைக் குறியீடு 84 (500 கிலோ) எடுங்க. சக்கரத்துக்கு 375 கிலோதான் கணக்கு, ஆனால் ஜெனரேட்டர் நடுவில் உட்காராவிட்டால் ஒரு பக்கம் கூடும்.

நட் உட்காரும் இடத்தில் புதுப் பெயின்ட் இருந்தால் சுரண்டிடுங்க, அது நசுங்கினால் இறுக்கம் போயிடும். ஒன்றுவிட்டு ஒன்றாக, டார்க் ரெஞ்சில் (முறுக்கு விசையை அளந்து இறுக்கும் ஸ்பேனர்) இரண்டு தடவையாக முறுக்குங்க. துவாஸிலிருந்து சாங்கிவரை ஒரு நடை ஓட்டிவிட்டு, சக்கரம் ஆறியதும் மறுபடி சரிபாருங்க.