வெயில் ஊரில் கேபிள் கார்டிகன்: பின்னியவங்க அனுபவம் சொல்லுங்க

காரைக்குடி மருமகள்:
"சித்திரை வெயில்ல ஸ்வெட்டரா!"ன்னு எங்க வீட்ல சிரிக்காத ஆளே கிடையாது. விடியக்காலைப் பல்லவன்ல ஏசி சேர் கார்ல போனவங்களுக்குத்தான் தெரியும், திருச்சி தாண்டுறதுக்குள்ள தோள்பட்டை விறைச்சுப் போகும். துப்பட்டாவை இழுத்து இழுத்துப் போர்த்துறதுக்கு மெல்லிசா ஒரு கார்டிகன் (முன்னால பட்டன் வச்ச ஸ்வெட்டர்) தேவலை. கம்பளி மட்டும் வேண்டவே வேண்டாம், எக்மோர்ல இறங்கினதும் கழட்டி எறியத் தோணும். நான் எடுத்தது 4 பிளைன்னு சொல்ற மெல்லிசான பருத்தி நூல், 3.25 மி.மீ. ஊசி. 10 செ.மீ. அகலத்துக்கு 28 கண்ணி (ஊசியில விழுற நூல் வளையம்) வருது.

பருத்தியில கேபிள், அதான் கயிறு முறுக்கின மாதிரி வர்ற பின்னல், போடுறதுதான் கூத்து. கம்பளி இழுத்தா நீளும், விட்டா பழையபடி சுருங்கும். பருத்திக்கு அந்தக் குணம் கம்மி. சில கண்ணிகளைக் கேபிள் ஊசிங்கிற குட்டி ஊசிக்கு மாத்தி, அதைத் தாண்டி அடுத்ததைப் பின்னும்போது விரல் நோகும். கேபிளை ஒட்டி வர்ற முதல் பர்ல் கண்ணி (முடிச்சுப் பக்கம் வெளியே தெரியுற கண்ணி) தொளதொளன்னு வாயைப் பிளந்துக்கிட்டு நிக்கும். அந்த ஒரு கண்ணிக்கு மட்டும் நூலை எதிர்ப்பக்கமா சுத்திப் பாருங்க. நூல் கொஞ்சமா செலவாகும், கண்ணி இறுகிடும். திரும்பி வர்ற வரிசையில அதைப் பின்பக்கமா குத்தி எடுக்கணும், இல்லன்னா முறுக்கிக்கும்.

ஆசைப்பட்டு உடம்பு முழுக்கக் கேபிள் போட்டா எடை கூடும், காத்தும் நுழையாது. கேபிள் துணியைக் குறுக்கி வேற இழுக்கும். 6 கண்ணிக் கேபிள், சாதாப் பின்னல்ல சுமார் 4 கண்ணி பிடிக்கிற இடத்துக்குள்ள அடங்கிடும். அதனால பட்டன் பட்டி ஓரமா பக்கத்துக்கு ஒண்ணு, முதுகு நடுவுல ஒண்ணு, அவ்வளவுதான். மத்ததெல்லாம் வலைப்பின்னல்.

தேவகோட்டை ஆச்சி:
எல்லாம் சரி அம்மாடி, அளவு பாக்க முதல்ல பின்னுற மாதிரித் துண்டைத் தொங்கவிட்டுப் பாத்தியா? பருத்தி தன் கனத்துலயே கீழ இறங்கும். பின்னி முடிச்சப்ப இடுப்பு வரைக்கும் இருந்தது, நாலு தடவை போட்டா தொடைக்கு வந்துடும். நான் துண்டைத் துவைச்சு, வளவு முற்றத்துக் கொடியில மாட்டி, கீழ ரெண்டு கிளிப்பையும் கனத்துக்குப் போட்டு ராத்திரி முழுக்க விட்டுட்டுத்தான் அளவெடுப்பேன். ஒரு தடவை எங்க செட்டியார் குளிச்சுட்டு வந்து, கைத்துண்டுன்னு நினைச்சு அதுலயே முகம் துடைச்சுட்டாக. கிளிப்பு கன்னத்துல பட்டதும்தான் பாத்தாக!

வட்ட ஊசியில தையலே இல்லாம ஒரே துண்டா பின்னாதீக. முதுகு, முன்பக்கம் ரெண்டு, கை ரெண்டுன்னு தனித்தனியா பின்னித் தைங்க. தையல்தான் இறங்க விடாம பிடிச்சு நிறுத்தும். தோள் தையல்ல உள்ள ஒரு பருத்தி நாடாவும் வச்சுத் தைச்சுடுங்க.

கானாடுகாத்தான்:
நான் பின்னத் தொடங்கினதே ஊசி கிடைச்சதாலதான். காரைக்குடி முனீஸ்வரன் கோவில் தெருப் பழைய சாமான் கடையில எனாமல் தூக்குச்சட்டி பேரம் பேசிக்கிட்டிருந்தேன். உள்ள ஒரு ஜோடி ஊசி கிடந்தது, தலையில '10'னு பொறிச்சிருந்துச்சு. கடைக்காரர் "கொண்டை ஊசிம்மா, பர்மாவுல இருந்து வந்தது"ன்னு அடிச்சு விட்டார். கொண்டைக்கு யாரு நம்பர் போடுவா? 10 மி.மீ.ன்னு சொல்லவும் முடியாது, அவ்வளவு மெல்லிசு. பழைய இங்கிலீஷ் அளவுல எண் கூடக் கூட ஊசி மெலியும்: 8ன்னா 4 மி.மீ., 10ன்னா 3.25. மேல மருமகள் சொன்ன அதே அளவு! ஆனா உலோக ஊசி வேர்வைக் கையில வழுக்குது. கேபிளுக்கு மட்டும் மூங்கில் ஊசிக்கு மாறிட்டேன்.

ஒரு சந்தேகம். ரெண்டு முன்பக்கமும் கேபிள் ஒரே பக்கமா சாயுதே, அது சரியா?

காரைக்குடி மருமகள்:
தப்புன்னு இல்ல, ஆனா கண்ணை உறுத்தும். கேபிள் ஊசியைத் துணிக்கு முன்னால விட்டா இடப்பக்கம் சாயும், பின்னால விட்டா வலப்பக்கம். ஒரு முன்பக்கத்துக்கு அப்படி, இன்னொண்ணுக்கு இப்படி வச்சுக்கோங்க.

ஆச்சி, தொங்கவிட்டுத்தான் அளந்தேன். நீளம் எக்கச்சக்கமா கூடுச்சு, அதனால 4 செ.மீ. குறைச்சே பின்னினேன். கார்டிகனைத் துவைச்சா மட்டும் கொடிக்கே கொண்டு போறதில்ல. தண்ணியோட கனத்துல இன்னும் இறங்கும். பட்டாலைக் கூடத்துத் தரையில குளிக்கிற துண்டை விரிச்சு, அதுமேல படுக்கவச்சு, ஃபேனைப் போட்டு விடுறேன். மாமியார்தான் "நடக்க வழி விடுடி"ன்னு சத்தம் போடுறாங்க.