மறு: பிரஷர் வாஷர் – 'உயரழுத்தக் கழுவி' போதுமா?

வணக்கம்.

> பிரஷர் அழுத்தம், வாஷர் கழுவி. 'உயரழுத்தக் கழுவி' என்று வைத்துவிட்டால் முடிந்தது. இதில் விவாதிக்க என்ன இருக்கிறது?

இருக்கிறது ஐயா. வாசலையும் வண்டியையும் நீரை விசையோடு அடித்துக் கழுவும் அந்தக் கருவியில் அழுத்தம் நிலைப்பது பம்பிலிருந்து முனை (நாசில்) வரைக்கும்தான். முனையின் சின்னத் துளையைத் தாண்டியதும் நீரின் அழுத்தமெல்லாம் வேகம் என்ற வடிவத்துக்கு மாறிவிடுகிறது. 100 பாருக்கு (பார் என்பது அழுத்தத்தின் அலகு) கணக்குப் போட்டால் நொடிக்குச் சுமார் 140 மீட்டர், அதாவது மணிக்கு 500 கிலோமீட்டர். பாசியைப் பெயர்ப்பது அந்த வேகமும், கூடவே வந்து மோதும் நீரின் அளவும்தான். பெயரில் அழுத்தத்தை மட்டும் வைத்தால், வாங்குகிறவர் பெட்டியில் பார் எண்ணை மட்டும் பார்ப்பார். விற்கிறவர்களுக்கு வேண்டியதும் அதுதான்.

பெட்டியில் 150 பார், நிமிடத்துக்கு 8 லிட்டர், 1500 வாட் என்று மூன்றும் போட்டிருக்கிறதென்று வைத்துக்கொள்ளுங்கள். பாரையும் லிட்டரையும் பெருக்கி 600ஆல் வகுத்தால் நீருக்குப் போய்ச் சேர வேண்டிய திறன் கிலோவாட்டில் கிடைக்கும். இங்கே அது 2. மோட்டார் இழுப்பதே ஒன்றரை கிலோவாட் என்றால் மீதி எங்கிருந்து வரும்? உச்ச அழுத்தம் ஒரு நிலையிலும் உச்ச நீரளவு வேறொரு நிலையிலும் அளந்ததாகத்தான் இருக்கும். ஆகவே 'உச்ச அழுத்தம்', 'செயல் அழுத்தம்' (வேலை நடக்கும்போது இருப்பது) என்ற இரண்டு சொற்களையும் நம் கலைச்சொல் பட்டியலில் தனித்தனியாகச் சேர்க்க வேண்டும். வீட்டு வாசல், கார், இரண்டு சக்கர வண்டிக்கெல்லாம் செயல் அழுத்தம் 100 பார் பக்கம், நிமிடத்துக்கு ஆறு லிட்டர் இருந்தால் தாராளம்.

சரி, பெயருக்கு வருகிறேன். என் பரிந்துரை 'பீச்சுநீர்க் கழுவி'. சொட்டுநீர்ப் பாசனம், தெளிப்புநீர்ப் பாசனம் இரண்டும் உழவர் வாயில் இயல்பாகப் புழங்குகின்றன. நீர் எப்படி வருகிறது என்பதைச் சொல்லும் பெயர்கள் அவை. அதே வரிசையில் பீச்சுநீர். 'அழுத்தக் கழுவி' என்பதில் இன்னொரு சங்கடமும் உண்டு: "அழுத்தக் கழுவி வைத்தான்" என்று எழுதினால் கருவியை வைத்தானா, அழுத்தித் தேய்த்துக் கழுவி வைத்தானா?

> 'தாரைக் கழுவி' இன்னும் அழகாக இல்லையா?

அழகுதான். ஆனால் கண்ணீர்கூடத் தாரை தாரையாகத்தான் வடிகிறது. நமக்கு வேண்டிய வேகம் அதில் இல்லை.

> 'பீச்சு' கொச்சையாக ஒலிக்கிறது. வயிற்றுப்போக்கு நினைவுக்கு வருகிறது.

பால் பீச்சுகிறவர்களுக்கு அப்படி ஒலிப்பதில்லையே! கூட்டத்தின் மீது தண்ணீரைப் பீய்ச்சி அடித்ததாக நாளிதழ்களும் கூச்சமில்லாமல் எழுதுகின்றன. குறுகிய வாய் வழியே விசையோடு வெளியேறுவதற்கு இதைவிடப் பொருத்தமான வினை எனக்குத் தெரியவில்லை.

பயன்பாட்டுக் குறிப்பை எழுதும் நண்பருக்குச் சில விஷயங்கள். கருவிக்குள்ளே 'அழுத்தம்' என்ற சொல்லை அப்படியே வைத்துக்கொள்ளுங்கள், அங்கே அது சரி. மோட்டாரை நிறுத்திய பிறகும் குழாயில் அழுத்தம் தேங்கி நிற்கும். கைப்பிடியின் விசையை ஒருமுறை அழுத்தி அதை வெளியேற்றிவிட்டுத்தான் முனையைக் கழற்ற வேண்டும். தொடங்கும்போதும் அப்படித்தான்: முதலில் தண்ணீரைத் திறந்து, விசையை அழுத்தி, காற்றெல்லாம் போய் நீர் சீராக வந்த பிறகே மோட்டார். நீரில்லாமல் ஓடினால் பம்பில் நீர் கசியாமல் தடுக்கும் சீல்கள் சூடேறிக் கெட்டுவிடும். மொட்டை மாடியைக் கழுவும்போது இந்த ஆபத்து அதிகம். ஒரு மீட்டர் உயரத்துக்கு 0.1 பார்தான் கிடைக்கும், பக்கத்திலேயே நிற்கும் தொட்டியிலிருந்து நீர் மந்தமாகத்தான் வரும். பெரிய வாளியில் நிரப்பி, தானே உறிஞ்சும் வகைக் கருவியால் எடுப்பது நல்லது.

தட்டோடு பதித்த மாடியில் ஊசி போன்ற பீச்சைக் காட்டவே கூடாது. இடுக்குகளின் பூச்சு பெயர்ந்து, அடுத்த மழைக்குக் கூரை ஒழுகும். ஏசி தகடுகள் மடங்கும், டயரின் பக்கச்சுவர் கிழியும். கையில் பட்டால் தண்ணீர் தோலைத் துளைத்து உள்ளே போய்விடும். வெளியே சின்னப் புள்ளிதான் தெரியும், வலியும் குறைவாக இருக்கலாம், ஆனாலும் உடனே மருத்துவமனைக்குப் போக வேண்டும். இந்த எச்சரிக்கை முதல் பக்கத்திலேயே இருக்கட்டும். கைப்பிடியை 'துப்பாக்கி' என்று மொழிபெயர்க்கலாமா என்று கேட்டிருந்தீர்கள். எனக்குச் சம்மதம், குழந்தைகளிடம் கொடுக்கத் தயங்குவார்கள்.

மோட்டார் வகைகளுக்கு அதிகம் யோசிக்க வேண்டாம். கார்பன் பிரஷ் மோட்டார், தூண்டல் (இண்டக்‌ஷன்) மோட்டார் என்றே எழுதலாம். இரண்டாவது கனம், விலையும் கூடுதல், ஆனால் சத்தம் குறைவு, நீண்ட நாள் உழைக்கும்.

நாசிலுக்குப் பொதுப்பெயர் 'பீச்சுமுனை'. வண்ணம் பார்த்து மாற்றும் வகையில் சிவப்பில் நீர் விரியும் கோணம் 0 பாகை, அது 'ஊசிமுனை'. மஞ்சள் 15, பச்சை 25, வெள்ளை 40, மூன்றும் 'விசிறிமுனை', பாகையைச் சேர்த்துச் சொன்னால் போதும். சுழன்று அடிப்பது 'சுழல்முனை'. கறுப்பின் துளை பெரிது, அதனால் அழுத்தம் இறங்கிச் சோப்பை இழுக்கும். அதற்கு 'நுரைபரப்பு முனை' என்றெல்லாம் வேண்டாம், 'சோப்பு முனை' என்றே இருக்கட்டும்.