ஃப்ளேமபிள், இன்ஃப்ளேமபிள்: ரெண்டும் ஒண்ணா, எதிரா?

சேஃப்டி_மாணவன்:
தொழிற்சாலைப் பாதுகாப்பு டிப்ளமோ படிக்கிறேன். பெட்ரோல் டேங்கர் லாரி பின்னாடி 'ஹைலி இன்ஃப்ளேமபிள்'னு இருக்கு. தின்னர் டப்பாவுல 'ஃப்ளேமபிள்'. கரெக்ட், இன்கரெக்ட் மாதிரி 'இன்' சேர்ந்தா எதிர்ப்பதம்தானே? போதாக்குறைக்குப் பாடத்துல 'கம்பஸ்டிபிள்' வேற. யாராவது விளக்குங்க.

சும்மா_வந்தேன்:
முதல் ரெண்டும் ஒண்ணுதான் தம்பி, சுலபமா தீப்பிடிக்கும்னு அர்த்தம். எரியாததுக்கு 'நான்-ஃப்ளேமபிள்'.

டெர்மினல்_பழசு:
மேலே சொன்னது சரி. அந்த 'இன்' மறுப்பு இல்ல, தீ மூட்டுறதைக் குறிக்கிற 'இன்ஃப்ளேம்'ங்கிற வினையிலிருந்து வந்தது. உன்னை மாதிரியே ஜனங்க தப்பா புரிஞ்சுக்கிட்டா உயிர் போயிடும்னு அமெரிக்கத் தேசியத் தீத்தடுப்புச் சங்கம் 1920கள்லயே 'ஃப்ளேமபிள்'னு எழுதச் சொல்லிடுச்சு. நம்ம லாரிக்காரங்க இன்னும் பழசையே பெயின்ட் அடிக்கிறாங்க.

நீ மண்டையை உடைச்சுக்க வேண்டியது கம்பஸ்டிபிள்கிட்டதான், அதாவது சூடு ஏறினாத்தான் பத்திக்கிற ரகம். எரியறது திரவம் இல்ல, அது விடுற ஆவி. பொறி பட்டதும் பத்திக்கிற அளவுக்கு ஆவி வர ஆகக் குறைந்த வெப்பநிலைதான் ஃப்ளாஷ் பாயிண்ட். பெட்ரோலுக்கு அது மைனஸ் 40 டிகிரி பக்கம். அதாவது நம்ம ஊர்ல எந்நேரமும் தயார். அமெரிக்கச் சங்கத்தின் கணக்குல 2021 பதிப்பு வரும்வரை ஃப்ளாஷ் பாயிண்ட் 37.8 டிகிரிக்குக் கீழே இருந்தா ஃப்ளேமபிள், அதுவோ அதுக்கு மேலயோ இருந்தா கம்பஸ்டிபிள்னு இருந்துச்சு. நம்ம 2002 பெட்ரோலிய விதிகள் இந்த ரெண்டு சொல்லையும் வச்சுப் பிரிக்கல: 23க்குக் கீழே ஏ வகுப்பு, 23 முதல் 65 வரை பி, 65 முதல் 93 வரை சி. பெட்ரோல் ஏ. டீசலும் மண்ணெண்ணெயும் பி.

காலி பேரல்னு நம்பி வெல்டிங் வைக்கிற ஆளுங்களுக்கு இதைத்தான் தலையில அடிச்சுச் சொல்லுவேன். உள்ளே ஆவி இருக்கும்யா, நிறைஞ்ச பேரலைவிட அதுதான் ஆபத்து.

சேஃப்டி_மாணவன்:
நன்றி சார். அப்போ நல்லெண்ணெய்?

டெர்மினல்_பழசு:
எரியும், ஆனா ஃப்ளேமபிள் இல்ல. ஃப்ளாஷ் பாயிண்ட் 200 டிகிரியைத் தாண்டும். திரி இல்லாத அகல்ல தீக்குச்சியைப் போட்டா குச்சிதான் அணையும். அதுக்காக அடுப்புல வச்சுட்டு சீரியல் பார்க்காதே, சூடு ஏறினா அதுவும் பத்திக்கும்.

சும்மா_வந்தேன்:
பரீட்சையில எந்த நாட்டுக் கணக்குன்னு சேர்த்து எழுது தம்பி. 37.8ஐயும் 23ஐயும் குழப்பினா மார்க் போச்சு.