காயம் ஆறிடுச்சு, தூக்கம் மட்டும் வரல: பிடிஎஸ்டி-யோட வாழ்ந்தவங்க, கூட இருந்தவங்க அனுபவம்

அக்கா

தம்பிக்கு லாரி ஆக்சிடென்ட். கால்ல பிளேட் வச்சு எலும்பு கூடி நல்லா நடக்கவே ஆரம்பிச்சுட்டான், அதுக்கப்புறம்தான் இது தலை தூக்குச்சு. பின்னாடி இருந்து யாராச்சும் தோளைத் தொட்டா தூக்கிவாரிப் போட்டு கையை ஓங்கிடுவான். டீசல் வாடை வந்தா உள்ளங்கை வேர்த்துரும். "பயமா இருக்கு"ன்னு மட்டும் வாயைத் திறந்து சொன்னதே இல்ல, வெளிய தெரிஞ்சதெல்லாம் கோவமும் தூக்கமில்லாம சிவந்த கண்ணும்தான். "உயிர் பொழச்சு வந்துருக்க, ஏன்டா எரிஞ்சு விழுற"ன்னு வீட்ல கேட்டா எந்திரிச்சுப் போயிருவான்.

கடைசியா பார்த்த சைக்காலஜிஸ்ட் "எப்படி இருக்க"ன்னு கேக்கவே இல்லங்க. என்ன கனவு வருது, எந்த ரோட்டுப் பக்கம் போறத விட்டுட்ட, யார்கூட பேசறத நிறுத்திட்ட, சத்தம் கேட்டா உடம்புல என்ன ஆகுதுன்னு ஒவ்வொண்ணா கேட்டாங்க, அவனும் சொல்ல ஆரம்பிச்சுட்டான். பிடிஎஸ்டி-ன்னாங்க, அதாவது பெரிய அதிர்ச்சிக்கப்புறம் மனசுல தங்கிப்போற பாதிப்பு. அதிர்ச்சிக்கப்புறம் மூணு நாள்ல இருந்து ஒரு மாசம் வரைக்கும் இப்படி இருந்தா அக்யூட் ஸ்ட்ரெஸ் டிஸார்டர், மாசம் தாண்டியும் நின்னு அன்றாட வாழ்க்கைய கெடுத்தாதான் பிடிஎஸ்டி-ன்னு பேராம். நிறைய பேருக்கு கொஞ்ச நாள்ல தானாவே அடங்கிடும்னும் சொன்னாங்க.

அவனுக்கு குடுத்தது ப்ரொலாங்டு எக்ஸ்போஷர்ங்கிற பேச்சு சிகிச்சை. கண்ண மூடிக்கிட்டு அன்னைக்கு நடந்தத இப்ப நடக்கிற மாதிரியே சொல்லணும், "ஹெட்லைட் தெரியுது, பிரேக் அடிக்கிறேன்"னு. நடுநடுவுல பயம் 0-ல இருந்து 100-க்குள்ள எவ்ளோன்னு கேப்பாங்க. அவன் பேசினத அப்படியே ரெக்கார்ட் பண்ணிக் குடுத்து தினமும் வீட்ல கேக்கச் சொல்லுவாங்க. ஒரு செஷன் 90 நிமிஷம் வரைக்கும் போகும். ஆரம்பத்துல அங்க போயிட்டு வந்தா துணி மாத்தக்கூட தெம்பில்லாம படுத்துருவான், இது ஆளை இன்னும் மோசமாக்குதேன்னு அம்மா நிறுத்தச் சொன்னாங்க. அந்த இடத்துல நிறுத்தாம தாண்டினதுதான் பெரிய விஷயம்னு நான் நினைக்கிறேன். பயம் 90-ன்னு சொல்லிட்டிருந்த அதே இடத்த பின்னாடி 30-ன்னு சொன்னான், கத வரிக்கு வரி அதேதான், குரல் மட்டும் நடுங்கல.

ஒரு அம்மா

தவிர்க்கத் தவிர்க்க பயம் வளரும்னு எனக்குச் சொன்னாங்க. எனக்கு வந்தது பிரசவத்துல. ரத்தப்போக்கு நிக்காம ஆபரேஷன் தியேட்டருக்கு ஓட்டிட்டுப் போனாங்க, நானும் பொழச்சேன் குழந்தையும் பொழச்சது. அப்பறம் ஆஸ்பத்திரி லைட்ட டிவில பார்த்தாக்கூட மூச்சு முட்டும், குழந்தைக்கு ஊசி போடப் போறத தள்ளிப் போட்டுக்கிட்டே இருந்தேன். எல்லாரும் பிரசவத்துக்கு அப்பறம் வர்ற டிப்ரெஷன்னே சொன்னாங்க, அந்த ராத்திரிய பத்தி யாரும் கேக்கல. ரெண்டும் சேந்தும் வரலாம், அதனாலதான் கேட்டுப் பாக்கணும்ங்க. எனக்கு உதவினது காக்னிட்டிவ் ப்ராசஸிங் தெரபி, வழக்கமா 12 செஷன். "என் உடம்புதான் என் குழந்தைய கொல்லப் பாத்துச்சு"ன்னு எனக்குள்ள ஒரு நினைப்பு ஒட்டிக்கிட்டு இருந்துச்சு, அத பேப்பர்ல எழுதச் சொல்லி இதுக்கு ஆதாரம் என்ன, எதிரா என்ன இருக்குன்னு வரி வரியா கேட்டாங்க. நான் எழுதி முடிச்சப்ப எதிர்ப்பக்கம்தான் நிறைஞ்சு இருந்துச்சு.

மனநல வார்டு நர்ஸ்

ரெண்டு பேரும் சொன்னதோட மருந்து விஷயம் சேத்துடறேன், அதிகம் குழப்பம் அங்கதான். மாத்திரைன்னா செர்ட்ராலின், பராக்ஸெடின் மாதிரி ஆன்டிடிப்ரசன்ட்தான் பிடிஎஸ்டி-க்கு நல்லா சோதிச்சுப் பாத்தது, வேலை செய்ய சில வாரம் ஆகும். ஆனா நிறைய பேர் கையில தூக்க மாத்திரைச் சீட்டோட வர்றாங்க. அதிர்ச்சி நடந்த முதல் மாசத்துல அந்த அறிகுறிக்காக பென்ஸோடயாஸபின்ங்கிற தூக்க, பதட்ட மாத்திரை வகை குடுக்க வேண்டாம்னு 2013-லயே உலக சுகாதார நிறுவனம் சொல்லிருச்சு, அதுக்கு அப்பறமும் அது பழக்கமாகுமே தவிர பிடிஎஸ்டி-ய குணமாக்காது. ஏற்கனவே சாப்பிடறவங்க இத படிச்சிட்டு பட்டுனு நிறுத்திடாதீங்க, வலிப்பு கூட வரலாம், டாக்டர் சொல்லித்தான் மெதுவா குறைக்கணும்.

இன்னொண்ணு, நடந்த அன்னைக்கே உக்கார வச்சு "எல்லாத்தையும் கொட்டிடு"ன்னு கட்டாயப்படுத்த வேண்டாம். பாதுகாப்பான இடம், தண்ணி, தூக்கம், கூட ஒரு ஆள், அவங்களா பேசினா காது குடுங்க. செத்துப் போயிடலாம்னு பேசினாலோ குடி திடீர்னு ஏறினாலோ ஒரு மாசம் ஆகட்டும்னு காத்திருக்காம அன்னைக்கே கூட்டிட்டுப் போங்க.

ஒரு அப்பா

எங்க பொண்ணுக்கு அஞ்சு வயசு. தீ விபத்துக்கு அப்பறம் பொம்மைய பெட்டிக்குள்ள போட்டு மூடி "கதவு திறக்கல"ன்னு அதே விளையாட்டு, சிரிப்பே இல்லாம. தனியா படுக்க மாட்டேங்குது. இதுவும் அதுதானா?

மனநல வார்டு நர்ஸ்

இருக்கலாம்ங்க. சின்னப் பசங்களுக்கு நினைவு விளையாட்டாத்தான் வெளிய வரும், 2013-ல வந்த டிஎஸ்எம்-5ங்கிற மனநோய் கண்டறியற அமெரிக்க கையேட்டுல ஆறு வயசும் அதுக்குக் கீழயும் இருக்கற குழந்தைங்களுக்கு தனி அளவுகோலே வச்சிருக்காங்க. விளையாட்ட தடுக்காதீங்க, திட்டாதீங்க, பக்கத்துல உக்காருங்க. ஒரு மாசம் தாண்டியிருந்தா குழந்தைங்கள பாக்கற மனநல டாக்டர்கிட்ட போயி, பெத்தவங்களையும் சேத்து உக்கார வச்சு பண்ற டிராமா ஃபோகஸ்டு சிபிடிங்கிற பேச்சு சிகிச்சை தெரிஞ்சவங்க இருக்காங்களான்னு இதே பேரச் சொல்லிக் கேளுங்க. அந்த விளையாட்ட போன்ல கொஞ்சம் வீடியோ எடுத்துட்டுப் போங்க, ரூமுக்குள்ள போனா குழந்தை பேசாது, அவங்களுக்கு அதுவே நிறைய சொல்லும்.